அவரிடம் மிஞ்சிய ஆங்கிலச் சொல்

கடைகளில் அட்டை போட்டுப் பணம் எடுக்கிற சின்ன மெஷின்களைத் திருத்துவதுதான் என் கணவருடைய வேலையாக இருந்தது. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் எந்தக் கடையில் கார்ட் மெஷின் நின்றுபோனாலும் அவருக்கு அழைப்பு வரும். காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினால் பொழுதுபடத்தான் வீடு. பாதிப் பழுதுகளை நேரில் போகாமலே தொலைபேசியில் தீர்த்துவிடுவார்.

"வயரைக் கழட்டிப்போட்டு ஒருக்கா மாட்டுங்கோ அண்ணை. இப்ப ரீட்ரை குடுங்கோ. வரேல்லையே? பரவாயில்லை, இன்னொருக்கா ரீட்ரை குடுங்கோ."

ரீட்ரை என்றால் மெஷினை இன்னொரு தரம் முயன்று பார்க்க வைக்கிற பொத்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருக்கும்போதும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் மகள் மழலை பேசிய காலத்தில் என்னுடைய கண்ணாடிக் கூட்டைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ, ரீத்தை குதுங்கோ" என்று வீடு முழுக்க நடந்து திரிவாள்.

எனக்கு அந்தச் சொல் வேறு வழியால் பழக்கம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வெளிநாடு போகிறவர்களின் பிறப்பு அத்தாட்சி, திருமண அத்தாட்சி என்று நாள் முழுக்க வரும். இடைக்கிடை புதுக்கடை நீதிமன்றங்களிலிருந்து தீர்ப்புகளும் வரும். அங்கே அந்தச் சொல்லுக்கு, முடிந்துபோன வழக்கைத் தொடக்கத்திலிருந்து திரும்ப விசாரிப்பது என்று பொருள். நான் "மீள் விளக்கம்" என்று தட்டச்சு செய்துவிட்டுப் போவேன். இதைச் சொல்லி நாங்கள் பகிடி விடுவதுண்டு.

"உங்கட ரீட்ரை ஒரு செக்கன். எங்கட ரீட்ரைக்கு பத்து வருசம் வேணும்" என்பேன்.

"அப்ப உங்கட மெஷினைத்தான் நான் முதல்ல திருத்தவேணும்" என்பார்.

அவருக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு வேலைநாளின் காலை நேரத்தில். அப்போது அவருக்கு ஐம்பது வயதும் ஆகவில்லை. நடந்ததை நான் பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனையில் புடைவைக் கடை வைத்திருக்கும், நானா என்று நாங்கள் அழைக்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவர் பிறகு பல தடவை சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாளிகாவத்தையில் குடியிருக்கிற, என் கணவரைவிடக் கொஞ்சம் மூத்த மனிதர். அதற்கு முன்பு நான் அவரைக் கண்டதில்லை. என் கணவரின் வாயிலிருந்து "நானா, நானா" என்று கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்று நானாவின் கடையில் மெஷின் வேலை செய்யவில்லை. என் கணவரை அழைத்திருக்கிறார். தெமட்டகொடையில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்த இவர், வீதியோரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறார்.

"ரீட்ரை குடுங்கோ நானா."

"குடுத்தன் தம்பி. வருதில்ல."

"ரீட்ரை."

"குடுத்துட்டன். இப்பவும் வருதில்ல தம்பி."

"ரீட்ரை. ரீட்ரை."

முதலில் நானா, தொலைபேசி தெளிவில்லாமல் சொன்னதையே திரும்பக் கேட்கிறது என்று நினைத்தாராம். பிறகுதான் குரல் தடித்துப்போயிருப்பதைக் கவனித்தார். "தம்பி, எங்க ஈக்கிறீங்க?" என்று கேட்டார். அதற்கும் "ரீட்ரை" என்றுதான் பதில் வந்தது. "தம்பி, ஏதும் செய்யுதா?" என்றார். "ரீட்ரை" என்றார் இவர், இப்போது அழுகிற மாதிரி. குரலுக்குப் பின்னால் ரயில் பெட்டிகளைக் கோர்க்கிற சத்தமும் இஞ்சின் ஊதுகிற சத்தமும் கேட்டன.

நானா கடையில் நின்ற ஆட்களை அப்படியே விட்டுவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினார். தொலைபேசியை வைக்கவில்லை. வழி முழுக்க "தம்பி, நான் வாரன், நான் வாரன்" என்று சொல்லிக்கொண்டே போனாராம். மறுமுனையிலிருந்து அந்த ஒரு சொல் வந்துகொண்டிருந்த வரைக்கும் ஆள் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தச் சத்தத்தை வைத்துத் தெமட்டகொடை ரயில் யார்ட்டின் மதில் ஓரமாக ஆட்டோவை மெல்ல ஓட்டச் சொல்லித் தேடினார். மோட்டார் சைக்கிளில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தார் என் கணவர். மடியில் ஹெல்மெட். தொலைபேசி இன்னும் காதில்.

எனக்கு அழைப்பு வந்தபோது திரையில் கணவரின் பெயர்தான் தெரிந்தது. எடுத்தால் வேறு குரல்.

"தங்கச்சி, பயப்புடாதீங்க. நான் கொட்டாஞ்சேன புடவக் கட. ஒங்கட மாப்புளக்கி கொஞ்சம் சொகமில்ல. நான் கையோட பெரியாஸ்பத்திரிக்கி கூட்டிட்டு வந்தீக்கிறன். நீங்க வாங்க."

நேரத்தோடு கொண்டுவந்ததால்தான் உயிரும் காலும் தப்பின என்று டொக்டர் பிறகு சொன்னார்.

நான் போனபோது அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் கண்கள் பெரிதாகின. ஏதோ நெடுநேரமாகச் சொல்லக் காத்திருந்தவர் மாதிரித் தலையைத் தூக்கினார்.

"ரீட்ரை" என்றார்.

வேலையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். "அதைப் பிறகு பாப்பமப்பா. இப்ப பேசாமல் படுங்கோ" என்றேன். அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். திரும்பவும் அதையே சொன்னார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுத் திடுக்கிட்டவர் போல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கால் மெல்ல மெல்லத் தேறியது. கைத்தடியோடு நடக்கத் தொடங்கினார். வலக்கை மட்டும் மடியில் கிடந்தது. நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்கு விளங்கியது. தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டு முகம் சுளிப்பார். பக்கத்து வீட்டாரின் கதைக்குச் சரியான இடத்தில் சிரிப்பார். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே சொல். தேத்தண்ணிக்கும் அதுதான். ஃபானைப் போடச் சொல்வதற்கும் அதுதான். சீனி போதாது என்பதற்கும், படுக்கை விரிப்பு சுருங்கியிருக்கிறது என்பதற்கும், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்பதற்கும் அதுதான்.

கொஞ்ச நாள் போக எனக்குக் காது பழகிவிட்டது. "ரீ"யை இழுத்தால் ஏதோ வேண்டும். இரண்டு தரம் சட்சட்டென்று வந்தால் குளியலறை. தாழ்ந்த குரலில் ஒரு தரம் மட்டும் வந்தால், போதும், வை. சமையலறையில் நின்றுகொண்டே "ஓம், கொண்டுவாறன்" என்று பதில் சொல்லுவேன். பல நேரம் சரியாக இருக்கும். பிழையாக இருந்தால் குரல் ஏறும். அப்படி ஏறிய குரலைக் கேட்டுக் கீழ்மாடியில் இருக்கிற சிங்கள அம்மா ஒருநாள் ஏதும் சண்டையோ என்று பார்க்க வந்துவிட்டார்.

மகளால்தான் தாங்க முடியவில்லை. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. தகப்பனோடு ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்த பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். சாப்பாட்டு மேசையில் அவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் அவளுடைய சோதனைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு அவர் சந்தோசமாக ஏதோ சொன்னார். ஒரு நீண்ட வசனம், ஏற்ற இறக்கத்தோடு, எல்லாம் அந்த ஒரு சொல்லாலேயே ஆனது.

"வேற ஏதாவது சொல்லுங்கோவன் அப்பா!" என்று கத்தினாள். "ஒரு சொல்! வேற ஒரே ஒரு சொல்லு!"

அவர் முயன்றார். உதடு குவிந்தது, நாக்கு மேலே போனது, கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு மிக மெல்ல, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, அதே சொல்தான் வந்தது. மகள் அழுதுகொண்டு எழுந்து போனாள். அவர் புள்ளித் தாளை இடக்கையால் நேராக மடித்து அவளுடைய புத்தகத்துக்குள் வைத்தார்.

களுபோவில ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று சொல்லி அங்கே போகத் தொடங்கினோம். பயிற்சி கொடுத்தவர் ஒரு சிங்களப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நோயாளர்களுக்காகவே தமிழ் படித்திருந்தார். படங்களைக் காட்டுவார், தொடச் சொல்லுவார், இவர் சரியாகத் தொடுவார். பெயர் சொல்லச் சொன்னால் "ரீட்ரை" என்பார். பூனை, ரீட்ரை. குடை, ரீட்ரை.

"அக்கா, அந்த வேர்டை அவர் நினைச்சு சொல்லுறது இல்ல" என்றார் அந்தப் பெண் என்னிடம். "வாய் தானா சொல்லுது. சில பேருக்கு இப்படி ஒண்டுதான் மிஞ்சும். ஸ்ட்ரோக் வந்த நேரம் கடைசியா சொன்னதா இருக்கலாம். அர்த்தம் தேட வேணாம்."

அர்த்தம் தேட வேண்டாம். அர்த்தம் தேடுவதுதான் எனக்குத் தொழிலே. ஒரு சொல்லைக் கண்டால் இந்த இடத்தில் இதற்கு என்ன பொருள் என்று பார்த்துப் பார்த்துக் காலம் போனவள். அடுத்த நாள் அலுவலகத்தில் ஒரு தீர்ப்பை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. "மீள் விளக்கம்" என்று அடிக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது.

என்னை உறுத்தியது வேறொன்று. அதற்கு முந்தின கிழமை, ஒரு பின்னேரம், நான் சமையலறையில் நின்று சத்தமில்லாமல் அழுதிருந்தேன். அவர் கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்து என் தலையில் இடக்கையை வைத்தார். "ரீட்ரை" என்றார். திரும்ப முயன்று பார்ப்போம் என்று சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கிழமை முழுக்க எழும்பி நடமாடினேன். அதுவும் வாய் தானாகச் சொன்னதுதானா?

அடுத்த தடவை போனபோது அவரை வெளியே இருத்திவிட்டு அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்டேன். அவர் கையிலிருந்த படங்களை அடுக்கினார்.

"சொல் அவர்ட இல்ல அக்கா" என்றார். "ஆனா சொல்லுற விதம் இருக்குதானே? அது அவர்டதான். அது எங்கயும் போகல்ல."

அன்று வீட்டுக்குப் போய்ச் செய்வதற்கு ஒரு பயிற்சியும் தந்தார். பெயர் சொல்லச் சொல்லிக் கஷ்டப்படுத்தாமல், சின்ன வயதிலிருந்து யோசிக்காமல் ஒப்புவிக்கிற ஏதாவதைத் தொடங்கிவிடச் சொன்னார். எண்கள், கிழமை நாட்கள், தேவாரம், எதுவும். தொடங்கிவிட்டு நிறுத்த வேண்டும். வாய் தானாகவே பிடித்துக்கொண்டு போகக்கூடும்.

பல்கனியில் இருவரும் எதிரெதிரே கதிரை போட்டு இருந்தோம். அவருடைய இடக்கையை என் கைக்குள் வைத்துத் தாளம் தட்டினேன். "ஞாயிறு, திங்கள்." நிறுத்தினேன். "ரீட்ரை" வந்தது. பல நாள் அப்படியேதான். ஒரு பின்னேரம் அலுப்பில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு "ஞாயிறு, திங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டினேன்.

"செவ்வாய்" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மகள் வந்து அவருடைய கதிரைப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். என் கையிலிருந்து அவருடைய கையை எடுத்துக்கொண்டாள்.

"ஞாயிறு, திங்கள்..."

"செவ்வாய்."

"புதன்..."

"வியாழன். வெள்ளி." வரிசையாக வந்துகொண்டிருந்தது. அவர் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி விரிந்தது. கடைசி நாளுக்கு வாயைத் திறந்தார். "ரீட்ரை!"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு மகள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. அன்றிலிருந்து பின்னேரப் பயிற்சியை மகள் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். நான் இடையில் புகுந்தால் "அம்மா, நீங்கள் அவசரப்படுத்துறீங்கள்" என்று என்னை எழுப்பிவிடுவாள்.

புடைவைக் கடை நானா வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். சில நேரம் வட்டிலப்பம் கொண்டுவருவார். மற்றவர்கள் வந்தால் என் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் "இப்ப எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்பார்கள். நானா அப்படியில்லை. அவருக்கு எதிரே இருந்து அவரோடுதான் பேசுவார். கடை வீதி மாறிப்போன கதை, மருமகனுடைய விசாக் கதை, கிரிக்கெட் எல்லாம் பேசுவார். இவர் பதில் சொல்ல வேண்டிய இடம் வந்தால் பொறுமையாக நிறுத்துவார். "ரீட்ரை" என்று இவர் ஒரு மாதிரிச் சொன்னால், "அதுதானே, நானும் அதத்தான் சென்னன்" என்று கதையைத் தொடருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை போகும்போது என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, இவர ஒருக்கா கடக்கி கூட்டிட்டு போவவா?"

எனக்கு மனமில்லை. நாலு பேர் வந்து போகிற இடம். யாராவது ஏதாவது கேட்டு, இவர் அந்தச் சொல்லைச் சொல்லி, அவர்கள் முழிப்பார்கள். "இன்னும் கொஞ்சம் தேறட்டும் நானா" என்றேன். ஆனால் என் கணவர் அதற்குள் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் ஆட்டோவில் ஏறினேன்.

கடையில் அவரை விசிறிக்குக் கீழே இருத்தினார் நானா. கொஞ்ச நேரத்தில் ஒரு சிங்களப் பெண்மணி சேலைத் துணி எடுத்துவிட்டு அட்டையை நீட்டினார். மெஷின் அட்டையை ஏற்கவில்லை. நானா திருப்பிப் போட்டுப் பார்த்தார், இல்லை. நெற்றியைத் தடவினார். என் கணவர் எழுந்து போய் இடக்கையை நீட்டினார். மெஷினைக் கவிழ்த்து, மேசையோடு அண்டக்கொடுத்து, பின்மூடியை விரலால் தள்ளிக் கழற்றினார். பற்றரியை எடுத்து, ஊதி, திரும்ப வைத்தார். எல்லாம் ஒற்றைக் கையால். நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது. அவர் மெஷினைப் பெண்மணியின் பக்கம் திருப்பினார்.

"ரீட்ரை" என்றார்.

பெண்மணி அட்டையைத் திரும்பப் போட்டார். பற்றுச்சீட்டு கரகரவென்று வெளியே வந்தது. "தேங்க்ஸ், ஆ" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அதில் வித்தியாசமாக எதுவுமே தெரியவில்லை. ஒரு மனிதர் சொல்ல வேண்டியதைச் சொன்னார், பெண்மணி செய்ய வேண்டியதைச் செய்தார். என் கணவர் அந்தப் பெண்மணி போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. நானா ஏற்கெனவே மடித்து வைத்திருந்த சேலை ஒன்றை விரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

கம்பனி அவருக்கு முதலில் லீவு கொடுத்து, பிறகு ஓய்வே கொடுத்துவிட்டது. ஆனால் கிழமையில் ஒன்றிரண்டு நாள் நானாவின் கடைக்குப் போய் இருக்கத் தொடங்கினார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் தங்கள் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்திருந்த நேரத்தில்தான் அந்தக் கல்யாணம் வந்தது. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில், என் பக்கத்துச் சொந்தம். லண்டனிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் இவருடைய கதிரைக்கு முன்னால் குனிந்து, காது கேளாதவரோடு கதைப்பது போல் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, "என்... னை... ஆர்... எண்டு... தெரியுதோ?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இவருக்கு நன்றாகத் தெரியும். சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். வந்தது அந்தச் சொல். அடுத்த மேசையில் இருந்த இளசுகள் சிரித்துவிட்டார்கள். "பாவம்" என்று யாரோ சொன்னதும் கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. களுபோவிலவுக்குப் போகத் தயாரானால் கட்டிலை விட்டு எழும்ப மறுத்தார். மகள் "ஞாயிறு, திங்கள்" என்று தொடங்கினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானா வந்து இருந்து, தனியாகவே பேசிவிட்டுப் போனார். தேத்தண்ணி வேண்டுமென்றால் கோப்பையைத் தள்ளிக் காட்டுவார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பழகிப்போயிருந்தேன் என்று. சமையலறையில் நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். எந்தப் பொருளும் இல்லாமல், வாய் தானாகச் சொன்னதாகவே இருக்கட்டும், ஒரு தரம் சொல்லிவிட மாட்டாரா என்று இருக்கும். ஒருநாள் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, "ஒருக்கா சொல்லுங்கோவனப்பா. எனக்குக் கேக்கவேணும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லவில்லை.

கிழமைகள் போயின. ஒரு சனிக்கிழமை காலை, மீன் வெட்டிக் கழுவிச் சமையலறை ஜன்னலோரம் வைத்துவிட்டு உப்புப் போத்தலை எடுக்கத் திரும்பினேன். அவர் மேசையில் இருந்தார். ஒரு காகம் கம்பிக்கு நடுவால் தலையை விட்டு, பெரிய நடுத்துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டது.

"சனியன்!" என்று ஒரு சத்தம்.

காகம் பயந்து மீனைப் போட்டுவிட்டுப் பறந்தது. நான் திரும்பினேன். மகள் பல்துலக்குகிற பிரஷோடு ஓடிவந்தாள். "அப்பா! என்ன சொன்னீங்கள்? என்ன சொன்னீங்கள் அப்பா?"

அவருக்கே நம்ப முடியவில்லை. திரும்பச் சொல்ல வாயைக் குவித்தார். "ரீட்ரை" என்று வந்தது.

மகள் வாய் நிறைய நுரையோடு அவரைக் கட்டிப்பிடித்தாள். "அண்டைக்கு வராத சனி இண்டைக்கு வந்திட்டுது அம்மா!" என்று கத்தினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு நிலத்திலேயே இருந்துவிட்டேன். அந்தக் காலை வீட்டில் ஒன்றல்ல, இரண்டு சொற்கள் இருந்தன. எது வந்ததில் எனக்குக் கூடச் சந்தோசம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

களுபோவிலவில் இதைச் சொன்னபோது பயிற்சி கொடுக்கிற பெண் வாய்விட்டுச் சிரித்தார். "ஏசுற சொல் எல்லாம் மூளையில வேற இடத்தில இருக்கு அக்கா. நல்லது, நல்லது. இன்னும் ஏசச் சொல்லுங்க" என்றார். என் கணவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார். அன்று எல்லாப் படங்களையும் தொட்டார். பூனைக்கு "பூ" என்று பாதி வந்தது.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் சின்னச் சொற்கள்தான். "ஓம்" வந்தது. "போ" வந்தது. மகளைக் கூப்பிட "பிள்ளை" வந்த நாளன்று அவள் வேண்டுமென்றே திரும்பிப் பார்க்காமல் நின்றாள், அவர் இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று. வராத இடத்திலெல்லாம் பழைய சொல் வந்து நிற்கும். அது முழுதாகப் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவருக்கும் மகளுக்கும் சோறு போட்டுவிட்டு, வழக்கம்போல அடுப்படிக்கும் மேசைக்கும் இடையே திரிந்துகொண்டிருந்தேன். அவர் இடக்கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தார்.

"நீர்" என்றார்.

புதிய சொல். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து ஓடிப்போய்க் கிளாசில் எடுத்து வந்து வைத்தேன். தலையை ஆட்டினார். கிளாசைத் தள்ளி வைத்தார்.

"நீர்?" என்றார் இன்னொரு தரம். இப்போது கேள்வியாக. கரண்டியால் தன்னுடைய தட்டைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார். "நீர்... சா... சா..."

எங்கள் வீட்டில் தண்ணீரை யாரும் நீர் என்று சொன்னதில்லை. தண்ணி என்றுதான் சொல்லுவோம். நீர் என்பது நான். கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நீர் வாரும், நீர் இரும், நீர் சாப்பிட்டனீரோ.

"இன்னும் இல்லையப்பா" என்றேன். "நான் இன்னும் சாப்பிடேல்லை."

அவர் பக்கத்துக் கதிரையை இடக்கையால் இழுத்துவிட்டார். மகள் எழுந்து இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், சோறும் அவளே போட்டாள். நான் இருந்து சாப்பிட்டேன். மீன் குழம்பில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டிருந்தது. சொன்னேன். இருவரும் ஓம் என்றார்கள்.